ஒரு வழி அடைபட்டால் மறுவழி: நெல்லைச் சீமையில் விளைபொருள் வணிகத்துக்குப் புதிதாக வருவோருக்கு

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் புதிதாக இயக்குநர் பொறுப்பு ஏற்றிருப்பீர்கள். அல்லது வெளியூர் வேலையை விட்டுவிட்டு, அம்பாசமுத்திரத்திலோ களக்காட்டிலோ அப்பாவின் வயலைப் பார்க்க வந்திருப்பீர்கள். அல்லது ஊரில் பத்து விவசாயிகளிடம் வாழைத்தார் வாங்கி லோடு ஏற்றும் தொழிலில் இறங்கியிருப்பீர்கள். சாகுபடியைச் சொல்லித்தர ஊரில் ஆள் உண்டு. விளைந்த பொருள் வயலை விட்டுக் கிளம்பிப் பணமாகத் திரும்பும் வரையில் அந்தப் பாதை எங்கெங்கே அறுந்துபோகும், அறுந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தருவோர் குறைவு. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அண்மைக் காலத்தில் நம் பகுதி கண்ட மூன்று அடிகளை நினைத்துப் பாருங்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். ஓணத்துக்குச் சில நாட்களே இருந்த நேரம். அந்த ஆண்டு அரசு விழாக் கொண்டாட்டத்தையே கைவிட்டது. ஓணத்தை நம்பி வைத்த ஏத்தன் (நேந்திரன்) வாழை இங்கே தோட்டத்தில் குறையில்லாமல் முற்றி நின்றது. கேட்டு வாங்குகிற கைதான் ஓய்ந்துபோனது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. அப்போது வயலும் நன்றாக இருந்தது, உண்பவர்களும் இருந்தார்கள். இடையில் இருக்கும் சந்தை, சுமை ஆள், வண்டி மூன்றும் முடங்கின. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு நெல்லைச் சந்திப்பு, கொக்கிரகுளம் வரை தண்ணீர் ஏறியது. திருச்செந்தூர் ரயில் பாதை அரித்துப்போனது. அந்த முறை வயலும் சாலையும் சேர்ந்தே போயின.

மூன்று அடிகளும் விழுந்தது ஒரே சங்கிலியின் மூன்று வெவ்வேறு கண்ணிகளில். ஆகவே ஒரு பெரிய கிடங்கைக் கட்டிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டாவது வழி ஒன்றை, எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே பேசி முடித்து வைத்திருக்க வேண்டும். இனி வரும் படிகள் எல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

ஒரு பயிர், ஒரு தாள்

எல்லாப் பயிரையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊரில் அதிகப் பணம் புரளும் ஒரு பயிரை எடுங்கள். களக்காடு, ஏர்வாடி பக்கம் என்றால் வாழை. அம்பை, சேரன்மகாதேவி பக்கம் நெல். ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் காய்கறி, சின்ன வெங்காயம். புளியங்குடி என்றால் எலுமிச்சை. தென்காசி 2019இல் தனி மாவட்டமாகிவிட்டாலும் சரக்கு ஓடும் பாதை பிரியவில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

ஒரு முழுத்தாளில் மேலிருந்து கீழாக எழுதுங்கள்: கன்று அல்லது விதை எங்கிருந்து வருகிறது, உரம் யார் கடனில் வருகிறது, தண்ணீர் எந்தக் கால்வாயில், முட்டுக்கம்பு (வாழை சாயாமல் தாங்கும் கம்பு) எங்கே, வெட்டும் ஆள் யார், வண்டி யாருடையது, எந்தச் சந்தை, யார் வாங்குகிறார், எத்தனை நாளில் பணம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வி: நாளைக் காலையில் இது இல்லை என்றால் வேறு யார்? பதில் எழுத முடியாத வரிகளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். முதல் முறை எழுதும் எவருக்கும் பாதிக்கு மேல் சிவப்பாகத்தான் இருக்கும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. இந்த ஆண்டு இரண்டு வட்டங்களை அழித்தால் போதும்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். உரத்துக்கும் முட்டுக்கம்புக்கும் கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கியிருந்தால், தார் அந்த மண்டிக்குத்தான் போக வேண்டும். வேறு வியாபாரி எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் கை நீட்ட முடியாது. இரண்டாவது வழியை முதலில் அடைப்பது வெள்ளமோ காற்றோ அல்ல, பெரும்பாலும் இந்த முன்பணம்தான். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. உறுப்பினர்களை அந்தப் பக்கம் திருப்புவதுதான் ஒரு குழு செய்யக்கூடிய முதல் நல்ல காரியம் என்பேன்.

ஆபத்துகளுக்கும் நாள்காட்டி உண்டு

நம் பகுதியில் வரும் அடிகளில் பெரும்பாலானவை சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. ஆனி, ஆடியில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குக் காற்று அடிக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அதே காற்றுதான் வாழையை இடுப்போடு ஒடிக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை. மாசி, பங்குனியில் பிசானப் பருவ நெல் அறுவடை ஒரே நேரத்தில் குவிந்து, அறுவடை இயந்திரத்துக்கும் உலர்களத்துக்கும் இழுபறி. ஆவணியில் ஓணத் தேவை. அது முடிந்ததும் விலைச் சரிவு.

இந்தக் காலங்களைப் பயிரின் வயதோடு பொருத்திப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். ஏத்தன் வாழைக்கு ஏறக்குறைய 10, 11 மாதம். ஓணத்துக்குத் தார் வேண்டுமென்றால் முந்தைய ஐப்பசி, கார்த்திகையில் நட வேண்டும். அப்படி நட்டால் தார் கனத்துத் தொங்கும் மாதம் எது? அதே ஆடி. நல்ல விலைக்காகக் காத்திருக்கும் பொருள், கடுங்காற்றின் நேரத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. இதைத் தவிர்க்க முடியாது. ஆனால் தோட்டம் முழுவதையும் ஒரே வாரத்தில் நடாமல் மூன்று தவணையாகப் பிரிக்கலாம். வரப்பில் அகத்தியை நெருக்கமாக விதைத்துக் காற்றுத் தடுப்பு வைக்கலாம். முட்டுக்கம்பைச் சித்திரையிலேயே வாங்கிவிடலாம். ஆனி பிறந்த பிறகு கம்புக்கு அலைந்தால் விலையும் கூடும், சரக்கும் இருக்காது.

நெல்லிலும் அப்படித்தான். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937இல் தொடங்கியது. அங்கிருந்து வந்த அம்பை 16 குண்டு ரகம் இங்கே எல்லோர் வாயிலும் புழங்கும் பெயராகிவிட்டது. 110, 115 நாளில் அறுக்கலாம். நல்ல ரகம்தான். ஆனால் ஊர் முழுக்க ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் நட்டால் அறுவடையும் ஒரே வாரத்தில்தான் வரும். குழுவின் நிலத்தில் நாலில் ஒரு பங்காவது வயது மாறிய வேறு ரகமாக இருக்கட்டும். வெள்ளத்தில் நாற்று போனால் மறுபடி விடுவதற்குக் குறைந்த வயதுள்ள விதை நெல் கொஞ்சம் எப்போதும் கையில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் இளம் பிசானப் பயிர் மூழ்கிய வயல்களில், விதை கையில் இருந்தவருக்கும் தேடி அலைந்தவருக்கும் வித்தியாசம் வாரக்கணக்கில் இருந்தது.

நாளிதழில் வரும் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தைத் தினமும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பாபநாசத்தின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. மழைக்காலத்தில் அணை நிறைந்திருக்கும்போது வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விட்டால், ஆற்றங்கரைக் களத்தில் கிடக்கும் மூட்டைகளை அன்றே மேட்டுக்கு மாற்றுங்கள். உபரி நீர் திறக்கப்படும் என்று தண்டோரா போடும்வரை காத்திருந்தால் டிராக்டர் கிடைக்காது.

இரண்டாவது வியாபாரி

இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கேரளம் நமக்குப் பெரிய சந்தை. பாவூர்சத்திரம் காய்கறியும் புளியங்குடி எலுமிச்சையும் களக்காட்டு ஏத்தனும் மலை தாண்டிப் போவதால்தான் இங்கே பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த ஒன்றை மட்டும் நம்பினால் 2018 போல ஆகும். இரண்டாவது வியாபாரி என்றால் அதே சந்தையில் அடுத்த கடைக்காரர் அல்ல. வேறு ஊர், வேறு உபயோகம். ஏத்தன் தாருக்கு ஓணச் சந்தை ஒன்று, சிப்ஸ் போடுகிறவர்கள் இன்னொன்று. சிப்ஸுக்குக் காயாகவே போகும். பழுக்கக் காத்திருக்க வேண்டாம், தோலில் கறை இருந்தாலும் பாதகமில்லை. காற்றில் சாய்ந்த மரத்தின் முக்கால் முற்றல் தாரைக்கூட அங்கே தள்ளிவிடலாம். காய்கறிக்கு நயினார்குளம் மொத்தச் சந்தை, மதுரை மாட்டுத்தாவணி, அருகில் உழவர் சந்தைகள். நெல்லுக்கு அரசின் நேரடிக் கொள்முதல் நிலையம் ஒரு பக்கம், அரிசி ஆலை மறுபக்கம். உளுந்து, மிளகாய் போன்றவற்றுக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். அங்கே விவசாயியிடம் தரகு பிடிப்பதில்லை, சந்தைக் கட்டணத்தையும் பொருளை வாங்கும் வியாபாரிதான் கட்டுகிறார். 2016இல் தொடங்கிய இ-நாம் (தேசிய வேளாண் சந்தை) மின்னணு ஏலத்தில் இணைந்த கூடம் என்றால் வெளியூர் வியாபாரியும் விலை கேட்கலாம்.

இரண்டாவது வியாபாரியின் செல்பேசி எண்ணை வாங்கி வைத்திருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல நாளில் ஒரு தடவைகூடச் சரக்குக் கொடுக்காதவருக்கு, கெட்ட நாளில் போன் செய்தால் அவர் ஏன் எடுக்க வேண்டும்? ஆண்டு முழுவதும் ஐந்தில் ஒரு பங்குச் சரக்கையாவது அவருக்கு அனுப்புங்கள். கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் அனுப்புங்கள். உறுப்பினர்கள் முணுமுணுப்பார்கள். பொதுக்குழுவில் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்: அந்த ஒரு ரூபாய், கேரளத்துப் பாதை அடைபடும் வாரத்துக்காக இப்போதே கட்டும் கட்டணம்.

புதியவரிடம் முதல் லோடை முழுக் கடனில் ஏற்றாதீர்கள். சிறிய லோடு, பாதிப் பணம் முன்னால், மீதிக்குத் தேதி போட்ட சிட்டை. எடை எங்கே போடப்படும், கழிவு எவ்வளவு, இறக்குக்கூலி யார் தலையில் என்ற மூன்றையும் ஏற்றுவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். தொலைவில் இறங்கிய பிறகு "பழுத்துவிட்டது, விலை குறைத்துக்கொள்ளுங்கள்" என்று வரும் போனுக்கு எதிராக உங்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம் ஏற்றும்போது எடுத்த புகைப்படமும் அந்தக் காகிதமும்தான்.

நாலு நாள் தாங்கும் பலம்

சந்தை இன்று சரியில்லை என்றால், நாளை மறுநாள் விற்கலாம் என்று சொல்லும் பலம் வேண்டும். அந்தப் பலத்துக்கு முதலில் குளிர்பதனக் கிடங்கு தேவை என்று பலர் எண்ணுகிறார்கள். நான் கடைசியில்தான் வைப்பேன். மின்கட்டணத்துக்கும் பராமரிப்புக்கும் பணமும், ஆண்டு முழுவதும் நிரப்பச் சரக்கும் இல்லாத கிடங்கு குழுவையே கடனில் மூழ்கடித்துவிடும். தவிர, வாழையை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கருத்துப் பழுக்காமல் போய்விடும். வேறு சரக்குக்காக இன்னும் குளிர வைத்த அறையில் அதைச் சேர்த்து வைக்க முடியாது. முதலில் நிழல், காற்று, கிரேட்டு (பிளாஸ்டிக் பெட்டி), தார்ப்பாய், ஈரப்பதமானி. ஐந்துமே ஓர் அறை கட்டும் செலவில் சிறு பங்குக்குள் முடியும்.

தக்காளியைச் சாக்கிலும் கூடையிலும் அமுக்கி ஏற்றுவதை நிறுத்திவிட்டுக் கிரேட்டுக்கு மாறுவது ஒன்றே கழிவைக் கண்கூடாகக் குறைக்கும். வாழைத்தாரை வெட்டியதும் தரையில் கிடத்தாமல், சருகு விரித்த நிழலில் நிறுத்தி, காம்பில் வடியும் பால் காய விட்டு, தாருக்கும் தாருக்கும் இடையே சருகு கொடுத்து ஏற்றுங்கள். தொலைதூரத்துக்கு முக்கால் முற்றலிலேயே வெட்டிவிட வேண்டும். சின்ன வெங்காயத்தை அறுத்த சூட்டில் மூட்டை கட்டாமல், தாள் காய உலர்த்தி, அடியில் காற்றுப் புகும்படி பலகை அடித்த பட்டறையில் வையுங்கள்.

நெல்லுக்கு வருவோம், இங்கேதான் அதிகப் பணம் கண்முன்னே கரைகிறது. கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரப்பதம்தான் வரம்பு. மழை ஈரத்தில் அறுத்த நெல் அதற்கு மேலேயே இருக்கும். சுற்றிலும் நெல் கிடக்கும் களத்தில், முறை வரும்வரை மூட்டைக்குக் காவல் கிடக்கும் விவசாயியைப் பார்த்தால் மனம் பதறும். இரவு ஒரு தூறல் விழுந்தால் இரண்டு நாள் வெயிலும் வீண். இதற்குக் குழுவாகச் செய்யக்கூடியவை பல. நெல்லைக் களத்தில் மெல்லிய படலமாக, இரண்டு மூன்று விரல் கனத்துக்குள் பரப்பி, காலால் வரி பிடித்து மணிக்கொரு தரம் கிளறிவிட வேண்டும். கொதிக்கும் தார்ச்சாலையில் அவசரமாகக் காயவைத்தால் மணிக்குள் விரிசல் விட்டு அரவையில் குருணை விழும். ஆலைக்காரர் அதற்கு விலை குறைப்பார். பல்லில் கடித்துப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்று சொல்லும் அனுபவசாலிகளை மதிக்கிறேன். இருந்தாலும் ஈரப்பதமானி ஒன்றைக் குழுப் பணத்தில் வாங்கிவிடுங்கள். களத்திலேயே அளந்து எழுதிய சீட்டோடு போகும் விவசாயியைத் திருப்பி அனுப்புவது கடினம். சேமித்து வைப்பதென்றால் 14 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை மூட்டை பிடிக்காதீர்கள்.

அறுவடை இயந்திரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயல் காய்ந்திருந்தால் டயர் வண்டி போதும். சேறு என்றால் பெல்ட் வண்டிதான் இறங்கும். பெரும்பாலான வண்டிகள் வெளிமாவட்டங்களிலிருந்து வருபவை. தையிலேயே இரண்டு உரிமையாளர்களிடம் பேசி, குழுவின் மொத்த ஏக்கரைக் காட்டி, மணி வாடகையை உறுதிசெய்துகொள்ளுங்கள். தனியாளுக்குக் கிடைக்காத விலை நூறு ஏக்கருக்குக் கிடைக்கும்.

காய்ந்த நெல்லையும் உளுந்தையும் விலை இறங்கிய மாதத்தில் விற்காமல் தாங்க, ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிடங்கில் வைத்து அதன் மீது ஈட்டுக்கடன் வாங்கலாம். பொருளின் மதிப்பில் 75 விழுக்காடு வரை கிடைக்கும். கையில் செலவுக்குப் பணம் இருக்கும், சரக்கும் உங்களுடையதாகவே இருக்கும். இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாமல் எத்தனையோ பேர் களத்திலேயே கிடைத்த விலைக்குக் கொட்டிவிட்டுப் போகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

வண்டியும் பாதையும்

கொல்லத்துக்கு செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழி. திருவனந்தபுரத்துக்கு வள்ளியூர், ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், களியக்காவிளை வழி. புளியரை எஸ் வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டால் பின்னால் வரிசை நீளும். மழையில் மலைச்சாலையில் மண் சரியும். இரண்டு வழியிலும் ஓட்டிப் பழகிய ஓட்டுநர்கள் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும். சுற்று வழிக்குக் கூடுதல் டீசல் எவ்வளவு, அதை யார் ஏற்பது என்பதை வாடகை பேசும்போதே முடித்துவிடுங்கள். ஊருக்குள் இரண்டு குட்டியானை (சிறு சரக்கு வண்டி) உரிமையாளர்களோடு ஒப்பந்தம் இருந்தால், பாலம் மூழ்கிய நாளிலும் சரக்கை மெயின் ரோடு வரையாவது கொண்டுவந்து சேர்க்கலாம்.

பணமும் காகிதமும்

2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டும் பங்கு, காப்பீட்டுத் தொகையில் காரிப் (தென்மேற்குப் பருவமழைக் காலச் சாகுபடி) உணவுப் பயிருக்கு 2, ராபிக்கு (குளிர்காலச் சாகுபடி) 1.5, தோட்டப் பயிருக்கு 5 விழுக்காடு. கடைசித் தேதிக்கு முன், வயலில் உண்மையில் இருக்கும் பயிர்தான் அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சரிபாருங்கள். அடங்கலில் ஒரு பயிர், காப்பீட்டில் வேறு பயிர் என்றிருந்தால் ஒன்றும் கிடைக்காது.

ஒரு விஷயத்தை உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே விளக்க வேண்டும். இந்த இழப்பீடு பெரும்பாலும் வருவாய்க் கிராமத்தையோ பிர்க்காவையோ (பல வருவாய்க் கிராமங்கள் சேர்ந்தது) அலகாகக் கொண்டு, அறுவடைப் பரிசோதனையில் தெரியும் சராசரி விளைச்சலை வைத்துக் கணக்கிடப்படுகிறது. உங்கள் ஒரு வயல் மட்டும் போனால் பணம் வராமலும் போகலாம். வந்தாலும் மாதங்கள் ஆகும். அறுத்து வயலில் உலரப் போட்ட கதிர் 14 நாட்களுக்குள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டால், 72 மணி நேரத்துக்குள் தனியாகத் தெரிவிக்க வேண்டும். இந்தப் பிரிவு உங்கள் பயிருக்கும் பகுதிக்கும் உண்டா என்று அந்தப் பருவத்தின் அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு வரும்வரை வண்டிக்கும் கூலிக்கும் கையில் பணம் வேண்டும். ஒவ்வொரு லோடிலும் ஒரு சிறு தொகையைப் பிடித்துத் தனிக் கணக்கில் போடுங்கள். ஒரு வாரத்துக்கான கூலி, வாடகை, டீசல் சேரும் வரை அதைத் தொடக் கூடாது என்று தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

ஐப்பசிக்கு முன் ஒரு நாள்

புரட்டாசியில் ஒரு ஞாயிறு, குழுவினர் எல்லோரும் கூடி உட்காருங்கள். ஒருவர் சொல்லட்டும்: "நாளை முதல் ஐந்து நாள் புளியரை அடைப்பு, வெட்டத் தயாராக 400 தார் நிற்கிறது." உடனே யார் யாருக்குப் போன் செய்கிறீர்கள், எந்த வண்டி, எந்தச் சந்தை, எது சிப்ஸுக்கு, எதை மரத்திலேயே நிறுத்தலாம் என்று பேசிப் பாருங்கள். பேச்சோடு நிறுத்தாமல் பட்டியலில் உள்ள எண்களை அங்கேயே அழைத்துப் பாருங்கள். பாதி எண்கள் மாறியிருக்கும். தொழிலை விட்டவர் ஒருவர் இருப்பார். வண்டியை விற்றவர் ஒருவர் இருப்பார். திருத்திய பட்டியலை அச்சடித்து, செல்பேசியில் மட்டும் வைக்காமல், களத்துக் கொட்டகையிலும் கூட்டுறவுச் சங்கச் சுவரிலும் ஒட்டுங்கள். 2023 வெள்ளத்தில் பல ஊர்களில் மின்சாரமும் செல்பேசியும் நாள்கணக்கில் இல்லை.

அந்தக் கூட்டத்தில் பெண்களைக் கட்டாயம் உட்கார வையுங்கள். தரம் பிரிப்பதும் களத்தில் நெல் கிளறுவதும் வெங்காயம் தாள் அறுப்பதும் அவர்கள்தான். எந்தச் சரக்கு எத்தனை நாள் தாங்கும் என்பதை இயக்குநர்களை விட அவர்கள் சரியாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் நாள் கணக்கை, முதலில் எழுதிய அந்தத் தாளில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டிய எலுமிச்சைக்கு எத்தனை நாள், தக்காளிக்கு எத்தனை நாள் என்று தெரிந்துவிட்டால், பாதை அடைபடும்போது எந்த லோடை முதலில் கிளப்ப வேண்டும் என்பதில் சண்டை வராது.